விழுந்த மினி 2 ட்ரோனை மீண்டும் பறக்க வைப்பது: பழுது காண்பது, பாகம் தேடுவது, பொருத்துவது

தென்னை மட்டையிலோ கேபிள் டிவி ஒயரிலோ மோதி ட்ரோன் கீழே விழுந்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பார்ப்பார்கள். விழுந்தபோது பிழைத்த மின்னணு போர்டு பல நேரம் அந்த நொடியில்தான் போகிறது. மோட்டாருக்குள் மணல் இருக்கும், கேமராவைத் தாங்கி ஆடாமல் நிறுத்தும் ஜிம்பலின் கை வளைந்து ட்ரோனின் வெளி ஓட்டோடு சிக்கியிருக்கும், கிழிந்த ரிப்பன் கேபிளின் இரண்டு செம்புக் கோடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அதில் மின்சாரம் பாய்ந்தால் சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரம் ரூபாய் வேலையாகிவிடும்.

இந்த வழிகாட்டி டிஜேஐ நிறுவனத்தின் மினி 2-க்கானது. 2020 நவம்பரில் வந்த, 249 கிராம் எடையுள்ள மாடல். ட்ரோன் உடம்பில் எம்டி2பிடி என்று மாடல் எண் இருக்கும். மேவிக் மினி, மினி எஸ்இ ஆகியவையும் இதே குடும்பம்தான் என்பதால் வேலை செய்யும் முறை பெரும்பாலும் ஒன்றே. பாகங்கள் மட்டும் எல்லாம் ஒன்றல்ல, அதைப் பின்னால் பார்ப்போம்.

எல்லா வேலைக்கும் அடிப்படையான வரிசை ஒன்று உண்டு. முதலில் பழுது எதுவென்று முழுதாகக் கண்டுபிடியுங்கள், பிறகு பாகம் வாங்குங்கள், அதற்குப் பிறகுதான் மாற்றும் வேலையைத் தொடங்குங்கள். கேமரா கறுப்பாகத் தெரிகிறது என்று முழு கேமராவையே வாங்கிவிட்டு, கடைசியில் அறுந்தது ஒரு ஒயர் மட்டுமே என்று தெரிய வருவது இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால்தான்.

விழுந்த இடத்தில்

ரிமோட் இணைப்பில் இருந்து, மோட்டார் புல்லில் சிக்கித் திணறிக்கொண்டிருந்தால், இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் கீழ்ப்பக்கம் உள்மூலைக்கு இழுத்துப் பிடியுங்கள். மோட்டார் நின்றுவிடும். அடுத்து பேட்டரியைக் கழற்றுங்கள்.

பேட்டரியை நன்றாகப் பாருங்கள். உப்பியிருந்தாலோ, உறை பிளந்திருந்தாலோ, இனிப்பு கலந்த தின்னர் போன்ற வாடை வந்தாலோ அதை காருக்குள்ளோ பைக்குள்ளோ வைக்கக் கூடாது. வெளியில் மணல்மீதோ சிமெண்ட் தரைமீதோ தனியே வைத்து, சில மணி நேரம் கவனியுங்கள். லித்தியம் பேட்டரி அடிபட்ட உடனே தீப்பிடிக்க வேண்டும் என்பதில்லை, தாமதமாகவும் பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் பலமாக விழுந்த பேட்டரியை வீட்டுக்குள் ஆள் இல்லாத இடத்தில் சார்ஜ் போட வேண்டாம்.

உடைந்து விழுந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். கேமரா கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையம், ஜிம்பலைத் தாங்கும் சின்ன ரப்பர் குண்டுகள், ஸ்க்ரூ எதுவும் மண்ணில் எளிதில் தொலையும். மெமரி கார்டை எடுத்து முதலில் காப்பி செய்யுங்கள். ஃபார்மட் செய்யாதீர்கள். கடைசி வீடியோ மூடப்படாமல் நின்றிருந்தால் ஓடாமல் போகலாம், ஆனால் ஃபைல் பெரும்பாலும் கார்டிலேயே இருக்கும். போனில் டிஜேஐ ஃப்ளை ஆப்பில் உள்ள பறப்புப் பதிவையும் பாருங்கள். விழுவதற்கு முன்பே மோட்டார் பிழை, பேட்டரி எச்சரிக்கை எதுவும் வந்திருந்தால் விழுந்ததற்குக் காரணம் மரம் இல்லை, பழுது ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கிறது.

தண்ணீரில் விழுந்தது என்றால் வேகம்தான் முக்கியம், அதுவும் கடல் நீரானால் இன்னும் வேகம். உப்பு செம்பை அரிக்க மணிக்கணக்கே போதும். பேட்டரியை எடுத்துவிட்டு, ஓட்டைத் திறந்து, போர்டை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பிறகு 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயவிடுங்கள். அரிசி டப்பாவுக்குள் போடுவதால் பயன் இல்லை. ஈரம் போனாலும் உப்பு உள்ளேயே நிற்கும். அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுக் கழுவுவதும் வேண்டாம், போர்டில் இருக்கும், ட்ரோன் திரும்புவதை உணரும் கைரோ சிப்பின் நுண்ணிய அசையும் பாகங்கள் அந்த அதிர்வில் கெட்டுப்போகும். நனைந்த பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது.

தேவையான கருவிகள்

டி5, டி6 நட்சத்திர முனை, 1.5 மி.மீ. ஹெக்ஸ், பிஎச்00 பிலிப்ஸ் முனை உள்ள நல்ல ஸ்க்ரூ டிரைவர் செட் ஒன்று. முனை மழுங்கிய மலிவு செட் ஸ்க்ரூ தலையைக் கெடுத்துவிடும். இந்த வேலையில் அதைவிட வெறுப்பேற்றுவது வேறில்லை. பிளாஸ்டிக் நெம்பு குச்சி, மொபைல் சர்வீஸ் கடையில் கிட்டார் பிக் என்று கேட்டால் தரும் மெல்லிய தகடு, வளைந்த முனை ட்வீஸர், மல்டிமீட்டர், வெப்பம் மாற்றக்கூடிய சால்டரிங் அயர்ன், 63/37 சால்டர் ஒயர், சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ், வெப்பம் தாங்கும் மஞ்சள் கேப்டன் டேப், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் இவை எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும்.

ஒரு வெள்ளைத்தாளில் ட்ரோனின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் டேப்பால் ஒட்டுங்கள். இந்த ட்ரோனில் நீளம் சற்றே மாறும் ஸ்க்ரூக்கள் உண்டு. நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் முறுக்கினால் கீழே இருக்கும் போர்டையோ ஒயரையோ துளைத்துவிடும்.

மின்சாரம் கொடுக்காமல் செய்யும் சோதனை

ப்ரொப்பெல்லர் எட்டு இறக்கையையும் கழற்றுங்கள். ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் மெதுவாகச் சுழற்றுங்கள். நான்கும் ஒரே மாதிரி, காந்தத்தின் சீரான தடையோடு சுற்ற வேண்டும். ஒன்று மட்டும் கரகரத்தால் உள்ளே மண் அல்லது இரும்புத் துகள் இருக்கிறது. ஒட்டும் டேப்பை இடுக்கில் விட்டுத் துகள்களை எடுங்கள், பிறகு காற்று ஊதுங்கள். அதன் பிறகும் கரகரப்பு இருந்தால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். சுற்றும்போது மோட்டாரின் மேல்மூடி மேலும் கீழும் அலைந்தால் அச்சு வளைந்திருக்கிறது. இதைக் கண்ணால் பார்ப்பதைவிட, பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிற்கவைத்து இடைவெளியைப் பார்த்தால் நன்றாகத் தெரியும். வளைந்த அச்சை நிமிர்த்த முயல வேண்டாம்.

அடுத்து மோட்டார்களைத் தாங்கும் நான்கு கைகளைப் பாருங்கள். முன்கை இரண்டும் கிடையாக மடங்குபவை, பின்கை இரண்டும் கீழ்நோக்கி மடங்குபவை. கை உடம்போடு சேரும் மூட்டில் மயிரிழை விரிசல் விழும். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, கையை லேசாக முறுக்கிப் பார்த்தால்தான் அது தெரியும். ட்ரோனைச் சமமான மேசைமீது வைத்து, எதிரிலிருந்து மோட்டார் உச்சிகளைப் பாருங்கள். ஒன்று சாய்ந்திருந்தால் அந்தக் கை மாற்ற வேண்டியதுதான். தரையிறங்கும் கால்களையும் பாருங்கள், ஆன்டெனா அவற்றுக்குள்தான் இருக்கிறது. கால் முறிந்த ட்ரோன் பறக்கும், ஆனால் சில நூறு மீட்டரிலேயே சிக்னல் விட்டுப்போகும்.

ஓட்டைத் திறந்த பிறகு மல்டிமீட்டர் வேலை. முதலில் பேட்டரி இல்லாமல், போர்டின் பேட்டரி பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் நடுவே கன்டினியூட்டி (மின் தொடர்பு இருந்தால் பீப் ஒலிக்கும் நிலை) பாருங்கள். ஒரு கணம் பீப் ஒலித்து நின்றால் அது கெபாசிட்டர் சார்ஜ் ஆவது, பரவாயில்லை. பீப் நிற்காமல் ஒலித்தால் ஷார்ட். பேட்டரியைச் செருகவே கூடாது.

ஷார்ட் எங்கே என்பதற்கு மல்டிமீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். மோட்டார்களை ஓட்டும் இஎஸ்சி பகுதியில் ஒவ்வொரு மோட்டாருக்கும் மூன்று ஒயர் சால்டர் செய்யப்பட்டிருக்கும், மொத்தம் பன்னிரண்டு. சிவப்பு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, கறுப்பு முனையால் மோட்டார் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஏறத்தாழ 0.4 முதல் 0.6 வோல்ட் காட்ட வேண்டும், பன்னிரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக இருக்க வேண்டும். பிறகு கறுப்பு முனையை பேட்டரி பிளஸில் வைத்து, சிவப்பு முனையால் அதே பன்னிரண்டையும் தொடுங்கள், அதே அளவு வரும். ஒரு மோட்டாரின் மூன்று ஒயரும் பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் அந்த மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் சிப் எரிந்திருக்கிறது. மூன்றும் மோட்டார் சுருள் வழியாக ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் எது குற்றவாளி என்று தெரியாது, ஒயரைச் சால்டர் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். மாஸ்ஃபெட் மாற்ற ஹாட் ஏர் கருவியும் பழகிய கையும் வேண்டும், இல்லாதவர்கள் போர்டை மாற்றுவதே நல்லது.

மோட்டார் சுருள் நன்றாக இருக்கிறதா என்று ஓம் அளந்து பார்ப்பது சாதாரண மல்டிமீட்டரில் நடக்காது, மின்தடை மிகமிகக் குறைவு. எளிய வழி வேறு உண்டு. ஒயர் பிரித்த மோட்டாரில் இரண்டு ஒயர் முனைகளைத் தொடவைத்துக்கொண்டு மூடியைச் சுழற்றுங்கள். பிரேக் பிடித்ததுபோல் கனமாக இருக்கும். மூன்று ஜோடிக்கும் அந்தக் கனம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு ஜோடியில் கனமே இல்லையென்றால் சுருள் அறுந்திருக்கிறது. எந்த ஒயருக்கும் மோட்டாரின் உலோக உடம்புக்கும் இடையே கன்டினியூட்டி இருக்கக் கூடாது.

ஜிம்பல்: அறிகுறியைப் படிப்பது

மினி 2 மூக்குக்குத்தி விழும்போது அதிகம் அடிபடுவது ஜிம்பல்தான். அதில் இரண்டு வெவ்வேறு கேபிள்கள் உண்டு என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒன்று மூன்று மோட்டார்களுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் தட்டையான ரிப்பன் ஃப்ளெக்ஸ். மற்றொன்று கேமராவின் படத்தைக் கொண்டுவரும் நுண்ணிய கோஆக்ஸ் ஒயர்க் கட்டு, விற்பவர்கள் பிடிஇசட் சிக்னல் கேபிள் என்பார்கள். எது போனது என்பதை அறிகுறி சொல்லிவிடும்.

ஷார்ட் இல்லை, ஜிம்பல் கையால் தடையின்றி அசைகிறது என்று உறுதியான பிறகு, ப்ரொப்பெல்லர் இல்லாமலே, ஜிம்பல் பாதுகாப்பு மூடியைக் கழற்றி, சமமான தரையில் வைத்து ஆன் செய்யுங்கள். மேசை விசிறியின் காற்று ட்ரோன்மீது படட்டும். பறக்காமல் கிடக்கும் ட்ரோன் வேகமாகச் சூடாகும்.

ஜிம்பல் உயிரில்லாமல் தொங்குகிறது, ஆனால் படம் வருகிறது என்றால் ரிப்பன் ஃப்ளெக்ஸ் கிழிந்திருக்கிறது, அல்லது அதன் கனெக்டர் கழன்றிருக்கிறது. ஜிம்பல் ஒழுங்காக ஆடி நிமிர்ந்து நிற்கிறது, ஆனால் திரை கறுப்பு என்றால் சிக்னல் கேபிள். ஜிம்பலும் அசையவில்லை, படமும் வரவில்லையென்றால் கனெக்டர்களைப் பாருங்கள், பிறகு போர்டைச் சந்தேகியுங்கள். ஜிம்பல் மோட்டார் ஓவர்லோட் என்று எச்சரிக்கை வந்தால் மணலோ வளைந்த கையோ எங்கோ உரசுகிறது. அடிவானம் ஒரு பக்கம் சாய்ந்தே நின்று, ஆப்பில் அளவுதிருத்தம் (காலிபிரேஷன்) செய்தும் மாறவில்லையென்றால் அலுமினியக் கை வளைந்திருக்கிறது. ஜிம்பல் நிற்கும்போது சரியாக இருந்து, பறக்கும்போது மட்டும் படம் ஜெல்லிபோல் குலுங்கினால் ஜிம்பலைத் தொடாதீர்கள். கிழிந்த ரப்பர் குண்டோ, நுனி சிதைந்த இறக்கையோ, வளைந்த மோட்டார் அச்சோதான் காரணம்.

எது செலவுக்குத் தகும்

இறக்கை, ரிப்பன் ஃப்ளெக்ஸ், சிக்னல் கேபிள், ரப்பர் குண்டு, ஜிம்பல் கை, ஓடு, மோட்டாரோடு சேர்ந்த கை: இவை எத்தனை போயிருந்தாலும் சரிசெய்யத் தகும். கேமராவும் முதன்மை போர்டும் சேர்ந்து போயிருந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த இரண்டின் விலையைக் கூட்டினால் ஓடுகிற பழைய ட்ரோன் ஒன்றின் விலையை நெருங்கிவிடும். அப்படிப்பட்ட ட்ரோனை மற்றொன்றுக்கு உதிரி தரும் உடம்பாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பாகம் தேடுவது

தயாரிப்பு நிறுவனம் இறக்கை, பேட்டரி, சார்ஜர் போன்றவற்றைத்தான் பொதுமக்களுக்குத் தனியாக விற்கிறது. உள்ளே இருக்கும் பாகங்கள் சந்தையில் மூன்று வகையாகக் கிடைக்கும்: பிரித்த ட்ரோனிலிருந்து எடுத்தவை, மாற்று உற்பத்தியாளர் செய்தவை, உடைந்த ட்ரோனை முழுதாக வாங்கி நீங்களே எடுப்பவை.

ரிப்பன் ஃப்ளெக்ஸும் ரப்பர் குண்டும் புதிதாகச் செய்ததே போதும். போர்டு, கேமரா, மோட்டார் ஆகியவை பிரித்தெடுத்த அசல் பாகமாக இருப்பது நல்லது. மாற்று உற்பத்தி மோட்டாரின் சமநிலை சரியாக இல்லாவிட்டால் அந்த அதிர்வு படம் முழுவதும் தெரியும்.

எது எதோடு பொருந்தும் என்பதில் பணம் வீணாகும். மினி 2, மினி எஸ்இ இரண்டுக்கும் இறக்கை ஒன்றுதான், மினி 2 பேட்டரி மினி எஸ்இ-யிலும் வேலை செய்யும். மேவிக் மினி பேட்டரி மினி 2-க்குப் பொருந்தாது. கேமராவும் போர்டும் மாடலுக்கு மாடல் வேறு. மினி எஸ்இ வெளியில் மினி 2 போலவே இருந்தாலும் உள்ளே இருப்பது மேவிக் மினியின் பழைய மின்னணுவியல். எனவே மினி வரிசைக்கு எல்லாம் பொருந்தும் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். உங்கள் ட்ரோனிலிருந்து கழற்றிய பாகத்தை இரண்டு பக்கமும் படமெடுத்து, விற்பவர் படத்தோடு கனெக்டர் வடிவம், கேபிளின் மடிப்பு, அச்சிட்ட எண் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. 2022 பிப்ரவரி 9 அன்று இந்திய அரசு முழு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்தது. பகுதியாகவோ முழுதாகவோ பிரித்த செட்டாக வந்தாலும் அந்தத் தடை பொருந்தும். ட்ரோன் பாகங்களின் இறக்குமதிக்கு மட்டும் தடை இல்லை. ஆகவே தனியாக ஒரு ஜிம்பல் கை வரும். உதிரிக்கென்று விற்கும் உடைந்த முழு ட்ரோனை வெளிநாட்டில் வாங்கினால் சுங்கத்தில் நின்றுவிடும். உடைந்த ட்ரோன் வேண்டுமென்றால் உள்நாட்டிலேயே தேடுங்கள். கல்யாண போட்டோகிராபர்களின் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் கேட்டால் அலமாரியில் தூங்கும் ட்ரோன்கள் நிறைய வெளியே வரும்.

பேட்டரியை விமானத் தபாலில் வரவழைக்கலாம் என்று எண்ண வேண்டாம். தனியாக அனுப்பும் லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் உலகம் முழுவதும் தடை. இங்கே இருப்பவரிடமே வாங்குங்கள், வாங்கும்போது ஆப்பில் இரண்டு செல்லின் வோல்ட்டேஜையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம்.

உதிரிக்கு ட்ரோன் வாங்கும்போது உங்கள் ட்ரோனில் உடைந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடைந்ததாகத் தேடுங்கள். உங்களுக்குக் கேமரா வேண்டுமென்றால் பின்பக்கம் நொறுங்கியது, கை வேண்டுமென்றால் மூக்கு நொறுங்கியது. தண்ணீரில் விழுந்ததை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். ஆன் செய்து படம் வரும் வீடியோவைக் கேட்டு வாங்குங்கள். போர்டையும் சேர்த்துப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து ட்ரோனை நீக்கியிருக்க வேண்டும்.

கை மாற்றுவது

உடைந்த கையை ஃபெவிக்விக் வைத்து ஒட்டுவதை விட்டுவிடுங்கள். ஒட்டிய மூட்டு சற்றே கோணலாக நிற்கும், மோட்டார் சாய்ந்த திசையில் ட்ரோன் எப்போதும் இழுக்கும், ஒருநாள் காற்றில் மறுபடி முறியும். அதோடு அந்தப் பசையின் ஆவி கேமரா கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும், அது துடைத்தால் எளிதில் போகாது. உலோகத் தகடு வைத்துக் கட்டினாலும் எடை கூடும். 2021 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறையில் உள்ள இந்திய ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரைதான் மிகச் சிறிய நானோ வகை. 249 கிராம் ட்ரோனில் இரண்டு கிராம் கூட்டினால் அது அடுத்த வகையான மைக்ரோ ஆகிவிடும். மோட்டாரோடு முழுக் கையாகக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.

வேலை தொடங்குமுன் ஜிம்பலைக் கழற்றி எட்ட வையுங்கள். தெறிக்கும் ஒரு சால்டர் துளி கேமராவில் விழுந்தால் தீர்ந்தது. மோட்டார் ஒயர்கள் எந்த வரிசையில் எந்த வழியாகப் போகின்றன என்று நெருக்கத்தில் படமெடுங்கள். பக்கத்துப் பாகங்களின் மேல் கேப்டன் டேப் ஒட்டுங்கள். சால்டரிங் அயர்னை 350 முதல் 380 டிகிரி செல்சியஸுக்கு வைத்து, பழைய சால்டரோடு கொஞ்சம் புதிய சால்டரும் ஃப்ளக்ஸும் சேர்த்து உருக்கினால் ஒயர் இரண்டு மூன்று நொடியில் விடும். இழுத்துப் பிடுங்காதீர்கள், செம்புத் தளம் போர்டோடு உரிந்து வந்துவிடும்.

புதிய கையின் ஒயர் முனைகளை 2 மி.மீ. அளவு உரித்து, முதலில் ஒயரிலும் தளத்திலும் தனித்தனியாகச் சால்டர் பூசி, பிறகு சேருங்கள். பளபளப்பான, குழிவான மேடாக அமைய வேண்டும். மங்கிய உருண்டையாக இருந்தால் அது குளிர் இணைப்பு, அதிர்வில் ஒருநாள் விடும், விட்டால் அந்தரத்தில் அந்த மோட்டார் நிற்கும். முடிந்ததும் ஃப்ளக்ஸைத் துடைத்து, மேலே சொன்ன டையோடு சோதனையை மறுபடி செய்யுங்கள்.

மூன்று ஒயரில் எந்த இரண்டு இடம் மாறினாலும் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். மூலைவிட்டமாக எதிரெதிரே இருக்கும் மோட்டார்கள் ஒரே திசையில் சுற்ற வேண்டும், அடுத்தடுத்து இருப்பவை எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இறக்கை போடாமல் மோட்டாரைத் தொடங்கி, மெல்லிய தாள் நாடாவை மூடியின் விளிம்பில் தொடவைத்தால் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரிந்துவிடும். தவறாக இருந்தால் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிச் சால்டர் செய்யுங்கள்.

ஜிம்பல் கேபிள் மாற்றுவது

இது கைநடுக்கம் இல்லாத ஒரு மாலை நேரத்துக்கான வேலை, அவசரத்தில் செய்யக் கூடாது. ரிப்பன் நேராகப் போவதில்லை. மோட்டார் மையத்தைச் சுற்றி மடிந்து, ஜிம்பல் திரும்பும்போது இழுபடாமல் இருக்க ஒரு தளர்ச்சியோடு அமைந்திருக்கும். எங்கே மடிகிறது, எந்தப் பக்கம் சுற்றுகிறது, எங்கே பசை ஒட்டியிருக்கிறது என்று ஒவ்வொரு படியிலும் படமெடுங்கள். பழைய கேபிளைத் துண்டு துண்டாகப் பிய்க்காமல் முழுதாக எடுத்து மேசையில் வைத்தால், புதியதை எப்படி மடிக்க வேண்டும் என்பதற்கு அதுவே மாதிரி. புதியதை ஒருமுறைதான் மடிக்க வேண்டும். மடித்து நிமிர்த்தி மறுபடி மடித்தால் உள்ளே செம்பு வெடிக்கும்.

கனெக்டர்கள் அழுத்திப் பொருத்தும் வகை. பிளாஸ்டிக் குச்சியால் நேர்மேலாகத் தூக்குங்கள், பக்கவாட்டில் நெம்பினால் கால்கள் வளையும். பொருத்தும்போது இடம் பார்த்து, விரலால் சமமாக அழுத்தினால் சின்ன கிளிக் கேட்கும். கேட்காமல் பலம் கொடுக்காதீர்கள். சிக்னல் கேபிளின் கனெக்டரில் பூட்டும் கம்பி இருந்தால் அதை முதலில் விடுவிக்க வேண்டும்.

வளைந்த அலுமினியக் கையை இடுக்கியால் நிமிர்த்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் கோணம் ஒரு டிகிரி விலகியிருக்கும், அல்லது விரிசல் விட்டிருக்கும். கை விலை குறைவு, மாற்றிவிடுங்கள். மோட்டாரையும் காந்தத்தையும் தனித்தனியே பிரித்தால் ஜிம்பலின் கோண உணரிகள் தங்கள் பூஜ்யத்தை இழக்கும். அதைத் திரும்ப அளவுதிருத்தும் மென்பொருள் சேவை மையங்களிடம்தான் இருக்கிறது, ஆப்பில் உள்ள தானியங்கி அளவுதிருத்தம் அந்த வேலையைச் செய்யாது. எனவே சேதம் மோட்டார்வரை போயிருந்தால் ஜிம்பலையும் கேமராவையும் முழு அலகாக, ஒரே ட்ரோனிலிருந்து எடுத்ததாக வாங்குவதே நல்ல வழி. விலை கூடும், ஆனால் அடிவானம் நேராக நிற்கும்.

ரப்பர் குண்டுகளை மழுங்கிய ட்வீஸரால் துளை வழியே இழுத்துப் பொருத்துங்கள். ஒரு சொட்டு ஆல்கஹால் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். எல்லாம் ஒரே பாக்கெட்டிலிருந்து இருக்கட்டும். பழைய குண்டையும் புதிய குண்டையும் கலந்தால் ஜிம்பல் ஒருபக்கம் தொங்கும்.

மூடுவதற்கு முன்

மேல் ஓட்டைத் தூக்கும்போதும் மூடும்போதும் உள்ளே ஒட்டியோ செருகியோ இருக்கும் ஜிபிஎஸ் ஒயரை நினைவில் வையுங்கள். ஓட்டை வேகமாக இழுத்தால் அது பிய்ந்து வரும். கூலிங் தகட்டைக் கழற்றியிருந்தால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, மெல்லிய புதுப் பூச்சு போடுங்கள். போர்டில் ஏதேனும் சிப்பின் மேல் கறுப்பு ஸ்பாஞ்ச் துண்டு இருந்தால் அது காற்றழுத்தத்தை வைத்து உயரத்தை அறியும் பாரோமீட்டரை வீசும் காற்றிலிருந்து காப்பது. அது தொலைந்தால் ட்ரோன் உயரத்தைப் பிடிக்காமல் ஏறி இறங்கும்.

உலோகத்தில் முறுகும் ஸ்க்ரூக்களுக்கு மட்டும் கழலாமல் பிடிக்கும் நீலநிறத் த்ரெட்லாக்கர் பசை ஊசிமுனை அளவு போதும். பிளாஸ்டிக்கில் முறுகும் ஸ்க்ரூவில் அதைப் போடவே கூடாது, பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கி விரிசல் விடும். கையின் மூட்டருகே விளக்கமில்லாமல் விரிசல் விட்ட பல ட்ரோன்களுக்கு இது ஒரு காரணம்.

இறக்கைகளைப் புதிதாகவே போடுங்கள், பழையது நன்றாகத் தெரிந்தாலும் சரி. ஒரு மோட்டாரின் இரண்டு இறக்கையும் ஒரே பாக்கெட்டிலிருந்து இருக்க வேண்டும், அவை எடை பொருத்தித்தான் பாக்கெட் செய்யப்படுகின்றன. கோடு போட்ட இறக்கை கோடு போட்ட கையில், கோடு இல்லாதது மற்ற கையில். மாறிப் போட்டால் ட்ரோன் எழும்பும்போதே கவிழும். ஸ்க்ரூவை இறுக்கிய பிறகும் இறக்கை தன் மூட்டில் சுலபமாக அசைய வேண்டும்.

மீண்டும் பறக்க

டிஜேஐ ஃப்ளை ஆப்பில், ட்ரோனின் சாய்வையும் அசைவையும் உணரும் ஐஎம்யூ-வின் அளவுதிருத்தத்தை ட்ரோன் குளிர்ந்திருக்கும்போது, சமமான தரையில் செய்யுங்கள். திசைகாட்டி அளவுதிருத்தத்தை வெட்டவெளியில் செய்யுங்கள், கான்கிரீட் மாடியில் உள்ளே கம்பி இருப்பதால் அங்கே வேண்டாம். ஜிம்பலின் தானியங்கி அளவுதிருத்தம் கடைசியில். போர்டு மாற்றியிருந்தால் கம்ப்யூட்டரில் டிஜேஐ அசிஸ்டென்ட் 2 மென்பொருள் வழியாக, ட்ரோனுக்குள் ஓடும் ஃபர்ம்வேரையும் புதுப்பியுங்கள்.

முதல் பறப்பு காற்றில்லாத காலையில், ஆள் இல்லாத இடத்தில், புல்மீது. ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நிறுத்துங்கள். ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தால் ஒரே பக்கம் நகர்கிறதா என்று பாருங்கள், சத்தத்தில் கரகரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இறக்கியதும் நான்கு மோட்டாரையும் விரலால் தொடுங்கள். ஒன்று மட்டும் கூடுதல் சூடாக இருந்தால் அந்த மோட்டாரின் பேரிங் அல்லது சால்டர் இணைப்பு சரியில்லை, மேலே போகாதீர்கள். பேட்டரி விவரத்தில் செல் வோல்ட்டேஜையும் பாருங்கள்.

இரண்டாவது பேட்டரியில் முப்பது மீட்டர் தூரம் வரை போய், எல்லாத் திசையிலும் திருப்பி, படம் பதிவு செய்து, பிறகு கிளம்பிய இடத்துக்கே (ஹோம் பாயிண்ட்) திரும்பும் பட்டனை அழுத்தி அது சரியான இடத்தில் இறங்குகிறதா என்று பாருங்கள். பதிவான வீடியோவைப் பெரிய திரையில் போட்டு அடிவானத்தையும் ஓரங்களின் குலுக்கலையும் பாருங்கள். மூன்றாவது பேட்டரியில் தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள், அருகிலேயே சிக்னல் கோடுகள் குறைந்தால் கால்களில் உள்ள ஆன்டெனா ஒயர் போர்டில் சரியாக அமரவில்லை. திறந்து ஒயர் முனையை அழுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். மூன்று பேட்டரியும் தடங்கலின்றி முடிந்த பிறகு, மறுநாள் ஸ்க்ரூக்களை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்கு எடுத்துப் போகலாம்.